ஒரே காலையில் இரண்டு தடவை போட்ட இன்சுலின்: சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிகழ்வு ஆய்வு

இது மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் நடந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் அரசு சுகாதாரக் கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்களுக்கு இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த வீட்டு மருமகள் வந்து, "அக்கா, யார் மேல தப்புன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். வீட்டிலிருந்த தாள்கள், வாட்சாப் செய்திகள், ஏஜென்சி கொடுத்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் வாங்கி, பராமரிப்பாளர்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசி, மணி வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

நோயாளி 74 வயதுப் பாட்டி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அதே தோட்டம் செம்பனைக்கு மாறியதும் புல்லுக்கு மருந்து அடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, டவுனில் மகன் வாங்கிய மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டார். இனிப்பு நீர் (நீரிழிவு) இருபது வருடத்துக்கு மேலாக உண்டு. இது அவர் ஒருவர் கதை இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், நம் இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதனால்தான் இந்தப் பக்கம் நீங்கள் போகிற வீட்டிலெல்லாம் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு இன்சுலின் டப்பா இருக்கும்.

போன வருடம் இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிப்போனது. விழுங்குவதிலும் பலவீனம், தண்ணீரைக்கூட கெட்டியாக்கும் மாவு கலந்து கரண்டியில்தான் கொடுக்க வேண்டும். இன்சுலின் காலையில் 22 யூனிட், இரவில் 14 யூனிட், வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த வகை. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மருமகள் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மகள் கோலாலம்பூரில் இருக்கிறார், பராமரிப்புச் செலவு அவருடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது கிளினிக்கிலிருந்து பிபிடி (PPD) எனும் வீட்டுப் பராமரிப்புக் குழு வந்தது. 2014 முதல் சுகாதாரக் கிளினிக்குகள் வழியாக நடக்கிற சேவை இது. டாக்டர், மிஸ்ஸி, பிசியோ எல்லாரும் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், பொதுவாக மூன்று மாதத்துக்குள் வீட்டில் ஒருவரைப் பழக்கி அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். நல்ல சேவை. அந்த வீட்டில் அவர்கள் பழக்கியது மருமகளை. ஊசி, சர்க்கரை பார்ப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்க வைக்கும் முறை எல்லாம் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். சம்பளமில்லா விடுப்பு முடிந்ததும் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, அப்போதுதான் வெளியாள் வந்தார். வந்தவருக்குப் பழக்கியது யார் என்று கேட்டால், யாருமில்லை. குழு அதற்கு முன்பே கிளம்பிவிட்டது, ஏஜென்சியோ குடும்பம் காட்டிக்கொடுக்கும் என்று விட்டுவிட்டது, குடும்பமோ ஆள் நர்ஸ்தானே என்று நம்பிக்கொண்டது. மூன்று பேரும் நல்லெண்ணத்தோடுதான் இருந்தார்கள், ஆனாலும் இடைவெளி அங்கேயே விழுந்துவிட்டது.

அந்த ஏஜென்சியை மகள் பேஸ்புக் விளம்பரத்தில் பார்த்தார். "பயிற்சி பெற்ற நர்ஸ், 24 மணி நேரமும் உங்கள் வீட்டில்" என்று இருந்ததாம். மாதம் 3,300 வெள்ளி (ரிங்கிட்). ஆபீஸ் கோலாலம்பூர் பக்கம், கிள்ளான் பள்ளத்தாக்கில். அங்கிருந்து ஒருவர்கூட இந்த வீட்டுப் படியேறி நோயாளியைப் பார்த்ததில்லை. வந்தவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட இந்தோனேசியப் பெண், வீட்டில் எல்லாரும் காக் (மலாயில் அக்கா) என்று கூப்பிடுவார்கள். நர்ஸ் இல்லை, ஆனால் வேறு வீடுகளில் வயதானவர்களைப் பார்த்த அனுபவம் உண்டு. சாப்பாடு, தண்ணி, வலிக்குதா, திரும்பு என்று நான்கைந்து தமிழ் வார்த்தைகளை அவராகவே பிடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் தலையைத் தொட்டுப் பேசித்தான் எழுப்புவார். நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன், அக்கறையான ஆள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது

காக்குக்கு வாரம் ஒருநாள் ஓய்வு. வழக்கமாகச் சனிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவார், ஞாயிறு காலை ஊசியை மருமகளே போட்டுவிடுவார். அந்த வாரம் மருமகளுக்குச் சனிக்கிழமை இரவு ஓவர்டைம் விழுந்துவிட்டது. அதனால் காக் இரவு தங்கினார், காலை 6.30க்கு 22 யூனிட் போட்டார், ஓட்ஸ் ஊட்டினார், பெம்பர்ஸ் மாற்றினார், 7 மணிக்கெல்லாம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மூத்த பேரப்பிள்ளை வீட்டில் இருந்தான், பதின்மூன்று வயது. 7.30க்கு மருமகள் வந்தார். மாமியாரை எட்டிப் பார்த்தார், தூங்கிக்கொண்டிருந்தார். தானும் போய்ப் படுத்துவிட்டார். இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவரை இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மருமகள் களைத்துப்போய் வருவார் என்று அன்றைக்கு மட்டும் ஒரு மாற்று ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் 8.15க்கு வந்தார். கோலகங்சார் பக்கத்துத் தோட்டத்துப் பெண், 22 வயது, சில வாரப் பராமரிப்புப் பயிற்சி முடித்தவர், இந்த வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவை. ஐஸ்பெட்டிக் கதவில் பிபிடி காலத்துத் தாள் ஒட்டியிருந்தது: காலை உணவுக்கு முன் சர்க்கரை பார்க்கவும், 22 யூனிட் போடவும். அந்தப் பெண் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், கவனித்துப் படியுங்கள். முதலில் பெரியம்மாவிடமே கேட்டார், "பாட்டி, ஊசி போட்டாச்சா?" பாட்டி தலையை ஆட்டி "இல்ல" என்றார். பிறகு விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார், 12.4 (mmol/L கணக்கில்). அதன் பிறகுதான் 22 யூனிட்டைத் திருகி வைத்துப் போட்டார். ஊட்டப் போனபோது பாட்டி இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டார். ஏற்கெனவே சாப்பிட்டவர், பசி இருக்காதே. சரி, அப்புறம் கொடுக்கலாம் என்று கிண்ணத்தை மூடி வைத்தார்.

பயிற்சியில் சொன்ன மூன்றையும் அவர் செய்திருக்கிறார்: கேட்டார், பார்த்தார், தாளில் உள்ள அளவைப் போட்டார். மூன்றுமே அவரை ஏமாற்றிவிட்டன. ஸ்ட்ரோக்கில் பேச்சு அடிபட்டவர்களுக்கு ஆமாம், இல்லை என்பதே மாறிப்போகும், மனதில் ஒன்று இருக்கும், வாயில் வேறு வரும். பாட்டிக்கு அப்படி இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எந்தத் தாளிலும் இல்லை. ஓட்ஸ் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தால் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். 12.4 என்ற எண், ஊசி இன்னும் போடவில்லை என்பதற்குச் சாட்சி மாதிரி தெரிந்துவிட்டது. சர்க்கரை பார்த்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். பார்த்தார், பார்த்ததால்தான் தைரியமாகப் போட்டார். அந்த வீட்டு இன்சுலின் பேனாவில் கடைசியாகப் போட்ட நேரத்தைக் காட்டும் வசதியும் கிடையாது. முதல் ஊசி போட்டாயிற்று என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் எழுதி வைத்த காகிதம்தான், அது வீட்டில் இல்லை.

காக் எழுதாமல் இல்லை, எழுதினார். காலை 6.34க்கு ஏஜென்சியின் வாட்சாப் குழுவில் "இன்சுலின் 22, மாக்கான் ஓட்ஸ்" (ஓட்ஸ் சாப்பிட்டார்) என்று மலாயில் போட்டு, கூடவே ஏஜென்சி படிவத்தையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். நானே அவர் போனில் பார்த்தேன். அந்தக் குழுவில் மகள் இருக்கிறார், ஆபீஸில் இரண்டு பேர் இருக்கிறார்கள், காக் இருக்கிறார். மாற்று ஆளாக வந்த பெண் இல்லை, நோயாளியோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் மருமகளும் இல்லை. எழுதியதெல்லாம் மேலே ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது, அடுத்து அந்தக் கட்டிலருகே வந்து நிற்கப் போகிறவருக்குப் போகவில்லை. இந்த நிகழ்வில் நான் கண்ட முதன்மையான காரணம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

11 மணி வாக்கில் பாட்டிக்கு வேர்த்தது. வெயில் நேரம், தகரக் கூரை, அந்தப் பெண் காற்றாடியைத் திருப்பி வைத்தார். கண்ணை மூடிக் கிடந்தவரைத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார். 12.20க்கு மருமகள் எழுந்து வந்து பார்த்தபோது நைட்டி முதுகுப் பக்கம் பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது, கை ஜில்லென்று இருந்தது, கூப்பிட்டால் முனகல் மட்டும்தான். விரலில் குத்தினார், 1.9. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. மருமகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, "சீனித் தண்ணி குடு, சீனித் தண்ணி குடு" என்று ஒரு டம்ளர் கலக்கி வாயில் ஊற்றிவிட்டார். மனிதாபிமானத்தில் செய்ததுதான். ஆனால் நினைவு தப்பியவருக்கு, அதுவும் விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு, வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும். பாட்டிக்குப் புரையேறி முகம் நீலம் பாய்ந்துவிட்டது. பேரன்தான் 999க்கு அடித்தான்.

ஆம்புலன்ஸில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். சாயங்காலம் வார்டில் மறுபடியும் சர்க்கரை இறங்கியது. கலப்பு இன்சுலினில் மெதுவான பகுதி பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும், ஒருமுறை ஏற்றிவிட்டால் முடிந்துவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது. மூன்றாம் நாள் காய்ச்சல், நிமோனியா. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் முன்பு தலையணை சாய்த்துக் கொடுத்தால் உட்காருவார், இப்போது அதுவும் குறைந்துவிட்டது.

தேடப் போய்க் கண்ணில் பட்ட மற்றவை

பாட்டியின் வலது குதிகாலில் கருப்பாக ஐம்பது காசு அளவு ஒரு திட்டு இருந்தது. படுக்கைப் புண், ஆழம் வெளியே தெரியாத வகை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டுவதற்கான அட்டவணை ஏஜென்சி படிவத்தில் இருந்தது, 8, 10, 12, 2, 4 என்று எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக அடித்த டிக்குகள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. காக்கிடம் கேட்டேன், மறைக்கவில்லை. ஐந்து பக்கப் படிவம், ஆங்கிலத்தில், முப்பதுக்கு மேல் கட்டங்கள். நிரப்பவில்லை என்றால் ஆபீஸில் கேட்பார்கள், புரட்டவில்லை என்றால் யாரும் கேட்பதில்லை. அந்த ஐந்து பக்கத்தில் இன்சுலினுக்கு ஒரு கட்டம் உண்டு, அதில் "கொடுத்தாயிற்று" என்று டிக் போடலாம், எத்தனை மணிக்கு, எத்தனை யூனிட் என்று எழுத இடம் இல்லை.

காற்று மெத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் மெத்தை தொய்கிறது என்று பம்பின் குமிழைக் கடைசிவரை திருகிக் கல் மாதிரி ஆக்கி, மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேல் இரண்டாக மடித்த கம்பளி. அப்படிச் செய்தால் காற்று மெத்தையின் பலனே போய்விடும். ஒரே ஒரு விரிப்பு போதும், குமிழ் நோயாளியின் எடைக்கு ஏற்ற இடத்தில் இருக்க வேண்டும், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். அப்புறம் தூக்கும் முறை. அறுபது கிலோவுக்கு மேல் இருக்கிறவரைக் காக் தனியாக, அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். விழுந்துபோன கையை அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவும். பாட்டி வலது தோளைத் தொட்டாலே கத்துவதற்குக் காரணம் அதுதான் என்று பிசியோ பிறகு சொன்னார். காக்கின் இடுப்புக்கும் அது எமன். இரவில் மூன்று தடவை எழுந்து, வாரத்தில் ஆறு நாள் ஒரே ஆள் பார்க்கிற வேலை இது, 3,300 வெள்ளியில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டபோது சொன்ன தொகையை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பள உத்தரவு பொருந்தாது. 2021 ஜூன் முதல் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் அவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும், இவரைச் சேர்க்கவில்லை. பராமரிக்கிறவருக்குப் பாதுகாப்பில்லாத வீட்டில் நோயாளி பாதுகாப்பாக இருப்பார் என்று எதிர்பார்ப்பது வீண்.

இன்னொன்றும் யாரும் பார்க்கவில்லை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பாட்டி சாப்பிடுவது பாதியாகக் குறைந்து, உடம்பும் இளைத்துவிட்டது, இன்சுலின் அளவு மட்டும் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தபடியே இருந்தது. ஒரு தடவை மட்டும் போட்டிருந்தாலும் அந்த மாதத்திலேயே ஒருநாள் சர்க்கரை இறங்கியிருக்கும் என்பதுதான் என் கணிப்பு. மருந்து வாங்க மகளோ மருமகளோ கார்டை எடுத்துக்கொண்டு போவார்கள், நோயாளி போவதில்லை, கார்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் டிரசர் இருந்தார். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்ட தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்கள் அவர்கள். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் நிறைய உண்டு, எல்லா வியாதிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை என்று அம்மாக்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் எந்த லயத்தில் யார் படுத்துக் கிடக்கிறார் என்று தெரிந்த ஒரு ஆள், கேள்வி கேட்கிற அதிகாரத்தோடு, சைக்கிள் தூரத்தில் இருந்தார். தாமானுக்கு வந்த பிறகு அந்த இடம் காலி, ஏஜென்சி போன் நம்பர் அதை நிரப்பாது.

சட்டம் எங்கே நிற்கிறது

விபத்துக்குப் பிறகு ஏஜென்சி சொன்ன பதில், "நாங்கள் ஆளை அறிமுகப்படுத்துகிறோம், அவ்வளவுதான். பராமரிப்பாளர் சுயமாக வேலை செய்பவர்." ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. விளம்பரத்தில் "எங்கள் நர்ஸ்", ஒப்பந்தத்தில் "சுயதொழில் செய்பவர்".

முதியோர் இல்லம், பகல் நேரப் பராமரிப்பு மையம் போன்றவற்றுக்கு 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம் இருக்கிறது, சமூக நல இலாகாவில் பதிந்தாக வேண்டும். முதியோருக்கான தனியார் மருத்துவப் பராமரிப்பு நிலையங்களுக்கென்று 2018-இல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் இடத்தைப் பார்க்கிற சட்டங்கள், கட்டில் எத்தனை, ஆள் எத்தனை என்று வந்து சோதிக்கலாம். நம் வீட்டுக்குள் ஒருவர் பையோடு வந்து ஊசி எடுக்கும்போது வந்து பார்க்க அங்கே யாருமில்லை. உண்மையான நர்ஸ் என்றால் அவர் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற பணிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்கிற ஏஜென்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். பராமரிப்பாளர் நர்ஸாக இல்லாமல் இருப்பது குற்றமில்லை, நம் வீட்டு மருமகளும் நர்ஸ் இல்லை. நர்ஸ் என்று சொல்லி அனுப்பியதும், ஊசி போடத் தெரியுமா என்று ஒருவரும் கூட நின்று பார்க்காமல் விட்டதும்தான் குற்றம்.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்தால், மாற்று ஆள் வரும் நாளில் முதல் ஆளிடமிருந்து அவருக்கு விவரம் எப்படிப் போகும் என்று கேளுங்கள். கட்டணம், அனுபவம், மொழி எல்லாவற்றுக்கும் அவர்களிடம் தயார் பதில் இருக்கும். இதற்குத் தடுமாறினால் அந்த ஏஜென்சியில் யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது அந்த வீட்டில்

பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து கிளினிக்குக்கே கொண்டு போனோம். குடும்ப மருத்துவ நிபுணர் இன்சுலினை நாளுக்கு ஒரு தடவை போடும் வகைக்கு மாற்றி, அளவையும் குறைத்தார். இந்த வயதில், இந்த நிலைமையில், சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருப்பதைவிட இறங்குவதுதான் ஆபத்து என்று மருமகளுக்கும் காக்குக்கும் மலாயிலேயே விளக்கினார்.

ஏழு அறை மாத்திரை டப்பா ஒன்று வாங்கினோம். ஞாயிறு இரவு மருமகள் ஒவ்வொரு அறையிலும் ஒரு புது ஊசிமுனை போட்டு வைப்பார். அன்றைய அறையில் ஊசிமுனை இருந்தால் இன்னும் போடவில்லை, இல்லாவிட்டால் போட்டாயிற்று. எந்த மொழிக்காரர் வந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் புரியும். மற்ற ஊசிமுனைகள் அலமாரியில் பூட்டி, சாவி மருமகளிடம். அதோடு கட்டில் பக்கத்துச் சுவரில் மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது, போட்டதும் அன்றைய தாளில் மணியையும் யூனிட்டையும் எழுதுவார்கள், புரட்டினால் எந்தப் பக்கம் என்று ஒரு எழுத்து. ஐந்து பக்கப் படிவம் ஆபீஸுக்குப் போனால் போகட்டும், இந்தத் தாள் சுவரை விட்டு நகராது. "பாட்டியின் ஆமாம், இல்லையை நம்ப வேண்டாம்" என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். அதற்குக் கீழே, வேர்வை, நடுக்கம், அசாதாரணத் தூக்கம் என்றால் முதலில் விரலில் குத்து, நான்குக்குக் கீழே இருந்து விழித்திருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கெட்டியாக்கிக் கொடு, கால் மணி நேரத்தில் மறுபடி பார், நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் வைக்காதே, ஒருக்களித்துப் படுக்க வை, 999 அடி என்று இருக்கிறது. பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினோம்.

மாற்று ஆள் வந்தால், முதல் ஆள் கிளம்பும் முன் அரை மணி நேரமாவது இரண்டு பேரும் கட்டிலருகே சேர்ந்து நிற்க வேண்டும் என்று மகள் ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்கிவிட்டார். கொஞ்சம் கூடுதல் பணம் கேட்டார்கள், கொடுக்கிறார். சமூக நல இலாகாவில் படுக்கையில் கிடப்பவரைப் பராமரிக்கிறவருக்கான உதவித்தொகைக்கும் மனு போட்டிருக்கிறோம். 2021-இல் அதை மாதம் 500 வெள்ளியாக உயர்த்தினார்கள், அப்படி ஒன்று இருப்பதே இந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. வீட்டு வருமானத்தைப் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிய படிவம் வேண்டும்.

அந்த 22 வயதுப் பெண் மேல் போலீஸ் ரிப்போர்ட் போட வேண்டும் என்று மகன் முதலில் துடித்தார். மணி வாரியாக எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டிய பிறகு விட்டுவிட்டார். அந்தப் பெண் இந்த வேலையே வேண்டாம் என்று ஒரு மாதம் வீட்டில் இருந்திருக்கிறார். என்னிடம் பேசும்போது மூன்று தடவை, "பாட்டி இல்லன்னுதான் சொன்னாங்க அக்கா" என்றார். இப்போது ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்திருக்கிறார், அங்கே மேலே ஒரு மூத்த மிஸ்ஸி இருக்கிறாராம்.

விளம்பரத்தில் நர்ஸ் என்று போட்டு ஆள் அனுப்பியதற்காக மகள் நுகர்வோர் நடுவர் மன்றத்துக்குப் போகிறார். 1999-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது அது, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பதிய 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீதுகள், காலை 6.34 வாட்சாப் செய்தி மூன்றையும் நகல் எடுத்து வைத்தாயிற்று.